எழுபதில் இருப்பவள்

ஆளை எழுப்புவது பெரிய வித்தை இல்லை என்று ஆகிவிட்ட காலம் அது. எந்த ஆளை எழுப்புவது என்பதில்தான் வம்பே.

கோவையில் சரவணம்பட்டியைத் தாண்டி இருந்த அந்த நினைவு மீட்பு மையத்தில் பெர்னதெத்துக்கு இது நான்காவது வருடம். தூத்துக்குடிக்காரி. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வார்டில் எல்லோருக்கும் அவள் 'ட்யூனிங் மேடம்'. கோமாவில் மாதக்கணக்கில் கிடப்பவர்களுக்குக் கழுத்துக்குப் பின்னால், தண்டுவடத்தை ஒட்டி, தீக்குச்சி நீளத்தில் ஒரு மின்பட்டையைப் படுக்க வைப்பார்கள். அதற்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி இடுப்போரம் தோலுக்கடியில் உட்காரும். அதிலிருந்து நொடிக்கு இத்தனை துடிப்பு என்று மெல்லிய மின்சாரம் மூளையை நோக்கி ஏறும். கையிலிருக்கும் டேப்லட்டில் அந்தத் துடிப்பை ஏற்றி இறக்கி, ஆள் எந்த எண்ணில் கண் திறக்கிறார் என்று கண்டுபிடிப்பது பெர்னதெத்தின் வேலை. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போலத்தான். பொறுமை வேண்டும், காது வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சிலர் ஒரு எண்ணில் மட்டும் திறப்பதில்லை, இரண்டு எண்ணில் திறக்கிறார்கள் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. குறைந்த எண்ணில் எழுகிறவருக்கு ஞாபகம் எங்கோ ஒரு வருடத்தோடு அறுந்து நிற்கும். கூடுதல் எண்ணில் எழுகிறவருக்கு விபத்து நாள் வரை எல்லாமே இருக்கும். சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கூடுதல் எண்ணையே வைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். பெரும்பாலான வீட்டாரும் அதைத்தான் கேட்பார்கள். முழு ஆள் யாருக்குத்தான் வேண்டாம்? கோகிலவாணி வீட்டில்தான் கதை மாறிப்போனது.

கோகிலவாணிக்கு நாற்பத்து மூன்று வயது. கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, காயில் கட்டித் தருகிற வேலை. பதினான்கு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரில் போகும்போது வேன் மோதியது. அன்றிலிருந்து கண் திறக்கவில்லை. பட்டை வைத்த பத்தொன்பதாம் நாள் காலையில், எண்ணை இருபத்தைந்தில் நிறுத்தியபோது திறந்தார். இரண்டு நாள் கழித்துப் பேசினார். மூன்றாம் நாள் கேள்வி கேட்க ஆரம்பித்தார், அதன்பிறகு நிறுத்தவே இல்லை.

"ஏனுங் அம்மிணி, எனக்கு எத்தன ஹெர்ட்ஸ் குடுக்கறீங்க?"

"இருபத்தஞ்சுங்க்கா."

"அட, லைன் கரன்டே அம்பதுங்க. அப்ப நான் பாதியிலதான் ஓடிட்டிருக்கறனா?"

பெர்னதெத் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் எந்த நோயாளியும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. அன்று முதல் தினமும் மத்தியானம் அந்த அறையில் அரை மணி நேரம் கூடுதலாக இருக்க ஆரம்பித்தாள். பட்டைக்கு எத்தனை கம்பி, பெட்டி சூடாகுமா, எர்த் எங்கே போகிறது என்று கோகிலவாணி ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் தெரியாவிட்டால் பெர்னதெத் கம்பெனிக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வாள்.

இருபத்தைந்தில் கோகிலவாணியின் ஞாபகம் பதிமூன்று வருடத்துக்கு முன்னால் நின்றது. யாரோ ஒருவர் கடையில் கூலிக்கு மோட்டார் கட்டிய காலம் வரைக்கும்தான் தெரியும், சொந்தமாகக் கடை வைத்ததே தெரியாது. "நானா? சொந்தக் கடையா? எனக்கு அவ்ளோ தைரியம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மகள் நிறைமதிக்கு ஐந்து வயது என்பது வரைக்கும்தான் கணக்கு. பதினெட்டு வயதில், திருச்சியில் கல்லூரி படிக்கிற ஒரு பெண் வந்து "அம்மா" என்று நின்றபோது மிரண்டுபோய், பிறகு சுதாரித்துக்கொண்டு, "உக்காருங்க கண்ணு, சாப்டீங்களா?" என்று வீட்டுக்கு வந்த ஒறம்பரையை, விருந்தாளியை விசாரிப்பது போல விசாரித்தார். அந்தப் பெண் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வெளியே வர வெகுநேரம் ஆனது.

கணவர் சென்னியப்பன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். தினமும் காலையில் டிபன் கேரியரோடு வருவார். மனைவி கேட்கிற பழைய கதைக்கெல்லாம் பதில் சொல்வார். சிரிப்பார். ஒருநாள் அவர் தலைமுடியைக் கோதிவிட்டு, "வெளுத்துப்போச்சுங்களே" என்று கோகிலவாணி பரிதாபப்பட்டபோது, பச்சைப்பிள்ளை மாதிரி கண் கலங்கினார்.

"அந்தப் பதிமூணு வருசத்துல என்னதாங்க நடந்துச்சு?" என்று கோகிலவாணி அடிக்கடி கேட்பார்.

"பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. கடை வெச்ச. புள்ள படிச்சா. அவ்ளோதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனிதர். மறைக்கிறார் என்பது பெர்னதெத்துக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், இருபத்திரண்டாம் நாள் அவள்தான் எண்ணை எழுபதுக்கு ஏற்றிப் பார்த்தாள். வழக்கமான சோதனைதான். டாக்டர் சபாபதி பக்கத்தில் நின்றார், சென்னியப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அறுபதைத் தாண்டும்போது கோகிலவாணியின் முகம் மாறியது. எழுபதில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. "சேரா... சேரா..." என்று இரண்டு தடவை. பிறகு கணவரைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அணைச்சிருங்க. இத அணைச்சிருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான்கு நிமிடம். டாக்டர் சொல்வதற்கு முன்பே பெர்னதெத் இருபத்தைந்துக்கு இறக்கிவிட்டாள். அவளால் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை. இறக்கியதும் கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, மூஞ்சியெல்லாம் ஈரமா இருக்குது?" என்று கேட்டார்.

அன்று வராந்தாவில் சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்கு ஒரு பையன் இருந்தானுங் மேடம். சேரன். அஞ்சு வயசுல தவறிட்டான். ஏழு வருசம் ஆச்சு. அவளுக்கு இப்ப அவன் பொறந்ததே தெரியாது. தெரிய வேண்டாங். ஒருக்கா பட்டது போதுங். மறுக்கா எதுக்குங் அவளுக்கு அந்த நரகம்?"

அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? பெர்னதெத்தும் சரி என்றுதான் நினைத்தாள். கோப்பில் இருபத்தைந்து என்று எழுதினாள், சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்து நான்காம் நாள் நிறைமதி வந்து கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொள்ளும் வரை, அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"மேடம், நாப்பத்தெட்டாம் நாள் பூட்டிருவீங்கன்னு அப்பா சொல்றாங்க. அப்படின்னா என்னங்க?"

"நாப்பத்தெட்டு நாள் ஆச்சுன்னா தண்டுவடம் அந்த எண்ணுக்குப் பழகிரும்மா. பட்டையச் சுத்தி சதை வளந்து மூடிரும். அதுக்கப்புறம் எண்ண மாத்துனா வலிப்பு வந்துரும், உயிருக்கே ஆபத்து. அதனால பெட்டியில ஒரே எண்ண வெச்சுப் பூட்டிருவோம். நர்ஸுங்க எல்லாம் இத மண்டலம்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப எங்கம்மா ஆயுசுக்கும் இப்படித்தானா?"

"ஆமாம்மா" என்றாள் பெர்னதெத்.

"மேடம், தம்பி தவறினது மட்டுந்தான் அப்பா சொல்லிருப்பாரு. எப்படித் தவறினான்னு சொன்னாரா?" அந்தப் பெண் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாய்க்கால்ல குளிக்க அவருதான் கூட்டிட்டுப் போனாரு. கரையில உக்காந்து போன் பேசிட்டிருந்தாரு. அம்மா அதுக்கப்புறம் அவர்கூட ஒரு வார்த்த பேசல. விபத்து நடக்கற வரைக்கும் கிட்டத்தட்ட ஆறு வருசம், ஒரே வூட்ல. சோறு போட்டு வெப்பாங்க, துணி தொவச்சு மடிச்சு வெப்பாங்க, பேச்சு மட்டும் கெடையாது. நாந்தான் நடுவுல நின்னு, 'அம்மா கேஸ் புக் பண்ணச் சொன்னாங்க, அப்பா சரின்னாரு'ன்னு. கடை வெச்சதுகூட வூட்ல இருக்க முடியாமத்தான். இப்ப அவரு சிரிக்கறத நீங்க பாத்தீங்கல்ல? எனக்குமே ஆசையாத்தான் இருக்குது மேடம். ரெண்டு பேரும் பேசிக்கறத நான் பாத்து எவ்ளோ நாள் ஆச்சு! ஆனா..."

"ஆனா?"

"சேரன் அஞ்சு வருசம் இருந்தான் மேடம். என்ற இடுப்புல உக்காந்து வளந்தான். அவனப்பத்தி பேச எங்கம்மாவ வுட்டா எனக்கு யாருங்க இருக்கறா?"

பெர்னதெத் தட்டிலிருந்த வடையைச் சாப்பிடவில்லை. நேரே டாக்டர் சபாபதியின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், எந்த எண்ணுன்னு அவங்களையே கேட்டா என்ன?"

"எந்த அவங்களை?" என்றார் டாக்டர், காபி டம்ளரைக் கீழே வைக்காமல். "இருபத்தஞ்சுல இருக்கறவங்களைக் கேட்டா, எனக்கு என்ன குறைச்சல், இப்படியே இருக்கேன்பாங்க. எழுபதுல இருக்கறவங்க என்ன சொன்னாங்கன்னு நீயே கேட்ட. அணைக்கச் சொன்னாங்க. ரெண்டு ஓட்டும் இருபத்தஞ்சுக்குத்தாம்மா."

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தான டாக்டர்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து ஆறின காபி குடிக்கிறேன்?"

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்ப எழுபதுக்கு ஏத்துனா, இருபத்தஞ்சுல இருந்த இந்த நாளெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா? இல்ல, இந்தக்கா அப்படியே அழிஞ்சு போயிருவாங்களா?"

டாக்டர் இப்போதுதான் டம்ளரை வைத்தார். "தெரியாது. அன்னைக்கு ஏத்தினப்போ அவங்க எழுந்தே மூணு நாள்தான் ஆகியிருந்தது. மூணு, நாலு வாரம் கீழ இருந்துட்டு மேல போன ஆள் இதுவரைக்கும் யாருமே இல்ல. எனக்கும் அது தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான். ஆனா ஆசைக்காக ஒரு பொம்பளையை நரகத்துக்கு அனுப்ப முடியுமா? கணவர் கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் அவங்ககிட்ட எதையும் உளறி வைக்காதே."

உளறக் கூடாது என்றுதான் பெர்னதெத் நினைத்தாள். நாற்பத்தாறாம் நாள் மத்தியானம், இருந்த உறுதியெல்லாம் கோகிலவாணியின் ஒரே கேள்வியில் போயிற்று.

"அம்மிணி, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க." கோகிலவாணி போர்வையை விலக்கி, நைட்டியை லேசாகத் தூக்கி இடுப்பைக் காட்டினார். "இது பெட்டி வெச்ச தையல். சரிங்களா? ஓரத்துல இருக்குது. இன்னும் செவப்பு மாறல."

"ஆமாங்க்கா."

"அப்ப இது?" அடிவயிற்றில் குறுக்கே ஓடிய ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "இதுவும் பெட்டிக்குத்தான்னு அவரு சொல்றாரு. ஒரு மோட்டாரப் பாத்தவொடனே, ஏற்கெனவே யாராச்சும் பிரிச்சுக் கட்டிருக்கறாங்களான்னு நான் சொல்லிருவனுங்க. வார்னிஷ் நெறமே காட்டிக் குடுத்துரும். இந்தத் தையல் வெளுத்துப்போயிக் கெடக்குது. பத்து வருசத்துக்கு மேல ஆயிருக்கோணும். நிறைமதி எனக்குச் சுகப்பிரசவமுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். அப்ப இது யாருக்குங்க?"

பெர்னதெத்துக்கு அது யாருக்கென்று தெரியும். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் எர்த் எங்கே போகிறது என்று கேட்ட மனுஷியிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. சும்மா நின்றாள். நின்றதே பதிலாகிப்போனது.

"பொறந்துச்சா?" கோகிலவாணி மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று பெர்னதெத் தலையை ஆட்டினாள்.

"இருக்குதா?"

பெர்னதெத் அழுதுவிட்டாள். நோயாளியின் முன்னால் அழுவது அவள் வேலையில் பெரிய குற்றம். அதையும் செய்தாள்.

"பையனா, பொம்பளப் புள்ளையா?"

"பையன். சேரன்னு பேரு. அஞ்சு வயசு வரைக்கும் இருந்தான்க்கா."

கோகிலவாணி அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னார். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்தபோது அந்த முகத்தில் இருந்தது பயம்தான்.

"ஒண்ணுமே வரலைங்க அம்மிணி. பேப்பர்ல யாரோ ஊட்டுச் சேதி படிச்ச மாதிரி இருக்குது. பாவமேன்னு இருக்குது, அவ்ளோதான். நீங்க அழுவறீங்க. பெத்த எனக்கு அழுவாச்சி வரலியே!"

அதன்பிறகு பெர்னதெத் எதையும் மறைக்கவில்லை. இரண்டு எண், எழுபதில் இருப்பவள், பூட்டு, நாள்கணக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டாம் நாள் நடந்த நான்கு நிமிடத்தையும் சொன்னாள். வாய்க்காலை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த எழுபதுல இருக்கறவளுக்கு அவன் மூஞ்சி தெரியுமா?"

"எல்லாம் தெரியும்க்கா. ஆனா அவங்க அணைக்கச் சொல்லிக் கத்துனாங்க. நாந்தான் அணைச்சேன்."

"கத்தத்தான் செய்வா." கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைப்பேச்சு என்று வந்துவிட்டால் அந்தக் குரலே வேறு. "தண்ணியில்லாத கெணத்துல பம்ப்ப ஓட்டிப் பாத்திருக்கறீங்களா? சத்தமே இருக்காது. சூடு இருக்காது, இழுப்பு இருக்காது. அடடா, என்னமா ஓடுதுன்னு தோட்டத்துக்காரரு சந்தோசப்படுவாரு. ஒரு சொட்டுத் தண்ணி வராதுங்க. நான் அப்படித்தான் ஓடிட்டு இருக்கறன். அவ தண்ணி இழுக்கறா. அதான் கத்தறா."

"அக்கா, ஏத்துனா உங்களுக்கு என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியல. இந்த நாளெல்லாம், நீங்க, நான், நாம பேசுனது எல்லாமே போயிரலாம்."

"போனாப் போவுதுங்க. மூணு வாரப் பழக்கம், போச்சாது." சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை. "பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் அவன் அஞ்சு வருசம் இருந்துருக்கறான். நான் இப்படியே இருந்துட்டா, பெத்தவளுக்கே அவன் இல்லாமப் போயிருவான். அவளையே எழுப்புங்க. நாங் கேட்டேன்னு டாக்டருகிட்டச் சொல்லுங்க."

பெர்னதெத் சொன்னாள். டாக்டர் சபாபதி முதலில் திட்டினார். உன்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றார். அது உண்மையான கோபம்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் அடுத்தவங்களுக்கே ஓட்டுப் போட்டிருக்காங்களே, இது என்னம்மா எலெக்ஷன்!" என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். பேசத் தெரிந்த நோயாளி, நாள் தெரியும், ஊர் தெரியும், தன் பெயர் தெரியும். அவர் கேட்கும்போது கணவரின் கையெழுத்து செல்லாது. ஆனால் கணவரையும் மகளையும் எதிரில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மறுநாள் காலை எல்லோரும் அந்த அறையில் கூடினார்கள். விஷயம் தெரிந்ததும் சென்னியப்பன் பெர்னதெத்தை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாம் கோகிலா. உனக்குத் தெரியாது. உன்னால தாங்க முடியாது சாமி."

"அவ ஆறு வருசமாத் தாங்கிருக்கறா. கடையும் வெச்சிருக்கறா. என்ன வுட கெட்டிக்காரியாத்தான் தெரியறா."

"எழுபதுல நீ என்ற கூடப் பேச மாட்ட!"

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருடைய பயத்தின் அடி எது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கே அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ.

"ஏனுங்க? என்ன பண்ணுனீங்க?" என்று கோகிலவாணி கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சென்னியப்பன் சொன்னார். எந்த வாய்க்கால், எந்த மதகு, தண்ணீர் திறந்துவிட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது, போனில் பேசியது யார், எதற்காகச் சிரித்தார், திரும்பிப் பார்த்தபோது படியில் என்ன கிடந்தது, எல்லாம் சொன்னார். போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார், சொந்தபந்தங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாருக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ அவர் கேட்கவே இல்லை. ஏழு வருடம் கழித்து இன்றைக்குத்தான் கேட்டார். நிறைமதி அப்பாவின் முதுகில் கை வைத்தாள். அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

கோகிலவாணி முழுவதும் கேட்டார். கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு உங்க மேல கோவமே வரலைங்க. உங்களப் பாத்தாப் பாவமாத்தான் இருக்குது. கோவம் வரோணும். பெத்த பையன் செத்ததுக்குக் கோவம் வராம நான் உங்களோட சிரிச்சுப் பேசிட்டு இருந்தா, அது நல்லாருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு டாக்டரிடம், "அவ சொல்றபடியே செய்யுங் சார்" என்றார்.

நாற்பத்தெட்டாம் நாள், காலை பத்து மணி. பெர்னதெத் டேப்லட்டைக் கையில் எடுத்தாள். விரலைச் சுடிதார் ஷாலில் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் கட்டிலுக்கு அருகில் வரவில்லை. கதவோரம் நின்றுகொண்டார். எழுந்ததும் தன் முகத்தைப் பார்த்து அவள் மறுபடி திரும்பிக்கொள்வாள் என்று நினைத்திருப்பார்.

"போயிட்டு வாரனுங் அம்மிணி" என்றார் கோகிலவாணி. "ஒருவேள உங்கள எனக்கு அடையாளம் தெரியலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்க மாட்டேன்க்கா. போயிட்டு வாங்க."

முப்பது. முப்பத்தைந்து. இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஐந்துக்கும் பத்து நிமிடம் கொடுத்தாள். ஐம்பதில் கோகிலவாணி பேச்சை நிறுத்தினார். அறுபதில் அவருடைய கை நிறைமதியின் கையைத் தேடியது. அறுபத்தைந்தில் மூச்சு வாங்கியது. எழுபது.

அதே சத்தம் வந்தது. அதே பெயர். பெர்னதெத்தின் விரல் தானாகவே கீழ்நோக்கி நகர்ந்தது. டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பொறு" என்றார்.

கோகிலவாணி அழுதார். அழுகை என்றால் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடி வருகிற அழுகை. மகளைக் கழுத்தோடு இழுத்து அணைத்து, "என்ற தங்கம், என்ற தங்கம், எவ்ளோ எளைச்சுப்போயிட்ட" என்று முதுகைத் தடவித் தடவி அழுதார். விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை இல்லை அது. நிறைமதியும் சேர்ந்து அழுதாள்.

நான்கு நிமிடம் தாண்டியது. பத்து தாண்டியது. அழுகை ஓயவில்லை.

"கோகிலவாணி, குறைக்கணுமா?" என்று டாக்டர் கேட்டார்.

வேண்டாம் என்று கை அசைந்தது.

பெர்னதெத் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கேள்வி கேட்ட அந்த அக்கா உள்ளே எங்காவது இருக்கிறாரா? என்னைத் தெரிகிறதா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது என்று மூடிக்கொண்டாள். கோகிலவாணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் தலைக்கு மேலாக, கதவோரம் நின்றவரைப் பார்த்தார். சென்னியப்பன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பேசமாட்டாள் என்பது அவருக்கு முடிவாகிவிட்டது. வெளியே போய்விடத் திரும்பினார்.

"ஏனுங்க."

நிறைமதி அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க சொன்னதெல்லாம் கேட்டனுங்க" என்றார் கோகிலவாணி. குரல் கரகரத்தது. "அப்பப் பாவமா இருந்துச்சு. இப்ப ஆத்தரமா வருது. ரெண்டும் இருக்குது. அத அப்பறம் பேசிக்கலாம். நான் வூட்டுக்கு வந்தாப் பாத்துருவேன்னு பையன் போட்டோவச் செவுத்துல இருந்து எடுத்திருப்பீங்கல்ல? எங்க வெச்சிருக்கறீங்க?"

சென்னியப்பன் கதவைப் பிடித்தபடி திரும்பினார். "கீழ, வண்டி டிக்கியில இருக்குது கோகிலா. வூட்ல அவனத் தனியா வுட்டுட்டு வர மனசு வரல. தெனமும் எடுத்துட்டுத்தான் வந்தன். உள்ள கொண்டார முடியல."

"கொண்டாங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியையும் அவர் படியில் இறங்கி ஓடினார். வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டவில்லை. கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம், "என்னத் தூக்கி உக்கார வெய்யி கண்ணு. அவனப் படுத்துட்டே பாக்கக் கூடாது" என்றார்.